ஆளு நிப்பானா?

இல்லாத மருந்துக்காகச் சபையில் எழுந்து கர்த்தருக்கு நன்றி சொன்னவன் நான். அப்போது எனக்குத் தலைமுடி இருந்தது, அடக்கம் இல்லை. (இப்போது இரண்டுமே இல்லை என்பாள் அக்கா.)

எலிக்காய்ச்சல் கிருமியின் எந்தப் புரதத்தை மருந்தால் தாக்கலாம் என்று கணினியில் கணிப்பதுதான் என் ஆராய்ச்சி. மூன்று வருடத்தில் கிருமியை நேரில் பார்த்ததில்லை. விதி எளிது: அந்தப் புரதம் இல்லாமல் கிருமி பிழைக்கக் கூடாது, அதே புரதம் மனிதனிடம் இருக்கவும் கூடாது. முதல் சல்லடையில் ஒரு புரதம் ஜம்மென்று தேறியது. இரண்டாவதில் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் ‘அப்புறம் பார்ப்போம்’ என்று தள்ளிவைத்து, அப்படியே மறந்தும் போனேன்.

திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தில் அந்த ஆய்வை வாசித்துத் தேறினால்தான் பட்டம். முந்தின நாள், சூரியநெல்லியில் எங்கள் சபை. பசு கன்று போட்டாலே சாட்சி சொல்லுகிற சபை அது. சும்மா இருப்பேனா? “எலிக்காய்ச்சலை ஒழிக்கும் மருந்துக்கு ஆண்டவர் எனக்கு வழி காட்டினார்” என்றேன். “ஸ்தோத்திரம்!” என்று கூரை அதிர்ந்தது.

மத்தியானம் சோறு போட்டபடி அக்கா கேட்டாள். ஏலத்தோட்டத்தில் மருந்தடிப்பது அவள் வேலை.

“ஏலே, நாங்க மருந்தடிச்சா புழு சாவணும், செடி நிக்கணும். ஒன் மருந்துல ஆளு நிப்பானா?”

“அதெல்லாம் பாத்தாச்சுக்கா.”

“எப்ப பாத்த?”

சோற்றுக் கையோடு லேப்டாப்பைத் திறந்தேன். என் அருமைப் புரதம் மனித உடலிலும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. காய்ச்சல் விட்டாலும் என் மருந்து விடாது.

என் ஆராய்ச்சி கைடுக்குப் போன் செய்தேன். “நாளெ வரண்டா” என்று மட்டும் மலையாளத்தில் சொன்னார், நாளைக்கு வர வேண்டாமாம். பட்டம் ஒரு வருடம் தள்ளிப் போயிற்று.

“அழாதல. ஆளுக்குக் குடுக்கதுக்கு முன்னால தெரிஞ்சுதே” என்றாள் அக்கா. தட்டில் இன்னொரு மீன் துண்டு விழுந்தது. “ஆனா சாட்சியத் திருப்பி வாங்கணும்லா? மருந்து வந்தாச்சுன்னு எங்க தோட்டத்து மேரி மதினி கம்பூட்ஸக் கழட்டிப் போட்டுட்டா. நாளைக்கு எலி மூத்திரம் கலந்த சேத்துல வெறுங்காலோட எறங்குவா.”

அன்று சாயங்காலமே மதினியின் காலைப் பிடிக்காத குறையாகப் பூட்ஸைப் போடவைத்தேன். அடுத்த ஞாயிறு சபையில் மறுபடி எழுந்தேன்.

“போன வாரம் நான் சொன்னது தப்பு. அந்த மருந்து கிருமியோட மனுசனையும் கொன்னுரும். தயவுசெஞ்சு எல்லாரும் பூட்ஸ் போடுங்க.”

பழக்க தோஷத்தில் மொத்தச் சபையும் முழங்கியது: “ஸ்தோத்திரம்!”

இன்றும் எங்கள் வீட்டில் தலைவலிக்கு ஒரு மாத்திரையைப் பிரித்தால்கூட, அக்காவின் மகள் முகத்தை வெகு பவ்வியமாக வைத்துக்கொண்டு கேட்பாள், “மாமா, இதுல ஆளு நிப்பானா?”

நிற்பான் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன், நிற்க மாட்டான் என்றும் சொல்லிப் பார்த்துவிட்டேன். எதைச் சொன்னாலும் அடுக்களையிலிருந்து அக்காவின் ஸ்தோத்திரம் வந்துவிடுகிறது.