பன்னிரண்டு மணிக்குப் போகாத நிழல்

வலியசாலை, திருவனந்தபுரம்
ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜானவி நமஸ்காரம். இங்கே எல்லாரும் சௌக்கியம், வெயில் உட்பட. அங்கே நீயும் மன்னியும் குழந்தையும் அப்படியே என்று நம்புகிறேன்.

புனேயில் நீ பார்த்துவைத்த பயிற்சி மைய வேலைக்கு விஷுவுக்குள் பதில் கேட்டிருந்தாய். வருகிறேன். டிக்கெட் போட்டுவிடு. காரணம் கேட்பாய். எழுதிவிடுகிறேன்.

நம் தெரு வாசகசாலையில் விடுமுறை அறிவியல் வகுப்பு நடத்துகிறேன் அல்லவா, அதில் இன்று சூரியன் நம் ஊருக்கு நேர் மேலே வரும் நாள், வருஷத்தில் இரண்டே முறை, நண்பகலில் நிமிர்ந்து நிற்கும் எதற்கும் நிழல் விழாது என்று அறிவித்து, போர்டில் பன்னிரண்டு மணி என்றும் எழுதியிருந்தேன். முப்பது பிள்ளைகள், அவர்களின் அம்மாக்கள், செக்ரட்டரி ஜெயகுமார் சேட்டன், எல்லாரும் முற்றத்தில். பன்னிரண்டு அடித்தது. நிழல் இருந்தது. நட்டுவைத்த கம்பின் காலடியில், கையகலத்துக்கு, அசையாமல்.

"மிஸ், என்னோடது போகலை" என்றது ஒரு குழந்தை.

"ஜானவி டீச்சரே, இது எப்பப் போவும்?" என்றார் சேட்டன்.

அப்போதுதான் உறைத்தது. நாடு முழுக்க ஒரே கடிகாரம். அதன் பன்னிரண்டு கிழக்கே வேறெங்கோ உள்ள ஊர்களுக்குத்தான் நண்பகல். மேற்கே தள்ளியிருக்கும் நமக்குச் சூரியன் உச்சிக்கு வர இன்னும் இருபத்துமூன்று நிமிஷம். எம்.எஸ்ஸி.யில் இந்தக் கேள்விக்கு எனக்கு முழு மதிப்பெண்.

சேட்டன் விஷு தரிசனத்துக்காகச் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார், செருப்பில்லை, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். நேரத்தை ஓட்ட வெப்பப் பாடத்தைத் தொடங்கினேன். ஒரே வெயிலில் மணல் சுடுகிறது, பக்கத்து வாளித் தண்ணீர் சுடவில்லை, ஏனென்றால் அதே அளவு சூடேறத் தண்ணீருக்கு அதிக வெப்பம் வேண்டும் என்று நான் முடிப்பதற்குள், "இதை முதல்லயே பறயண்டாமா, மோளே" என்று இரண்டு காலையும் வாளிக்குள் வைத்துவிட்டார். அது மோருக்கு எடுத்துவைத்த தண்ணீர். பிள்ளைகள் பசியென்று சமையலறைக்கு ஓட, அங்கே வகுப்புக்குச் சமைத்துப்போடும் லீலாபாய் அக்கா, நிழல் போகும் என்றால் கிரகணம்தான் என்று தானே முடிவுகட்டி, சாம்பார் அண்டாவை மூடி மேலே துளசி போட்டுவிட்டு வாசலில் குறுக்கே நின்றாள்.

"கிரகணம் விடாம ஒரு பப்படம்கூடத் தரமாட்டேன்."

"இது கிரகணமில்லை அக்கா."

"பின்னே நிழல் எங்க போவுது?"

"காலுக்கு அடியிலே."

"சூரியனுக்கு ஒண்ணும் ஆகாமலேயா?"

அம்மாக்கள் அவள் பக்கம். சேட்டன் ஈரக்காலோடு போய், போர்டில் என் வகுப்பை அழித்து, நாளை முதல் ஓவிய வகுப்பு என்று எழுதினார்.

பன்னிரண்டு இருபத்துமூன்றுக்கு முற்றத்தில் நான் மட்டும். கம்பின் நிழல் கம்புக்குள்ளேயே போய்விட்டது. என்னுடையது செருப்பைத் தாண்டவில்லை.

நாம் நிழல் மிதித்து விளையாடுவோமே. நான் சுவரோரம் ஓடி என்னுடையதை ஒளித்துக்கொள்வேன். நீ துரத்தமாட்டாய். காத்திருப்பாய். சாயங்காலம் அது தானாக நீண்டு தெருவுக்கு வரும், நீ மெதுவாக நடந்து வந்து மிதிப்பாய். மிதிக்க எதுவுமே இல்லாத அந்த ஒரு நிமிஷத்தில் நீ பக்கத்தில் இருந்திருக்கலாம். காட்ட ஒருவர் வேண்டியிருந்தது. இங்கே அப்படி யாரும் இல்லை. அதனால்தான் வருகிறேன்.

மன்னிக்கு நமஸ்காரம். குழந்தைக்கு ஆசீர்வாதம், வெயிலில் விளையாட விடவும்.

உன் தங்கை
ஜானவி

பி.கு.: டிக்கெட் வேண்டாம். லீலாபாய் அக்கா இப்போதுதான் வந்துவிட்டுப் போகிறாள். கிரகணம் விட்டதா என்று பார்க்க அதே நேரம் பின்வாசலில் இறங்கினாளாம். கிணற்றடியில் தன் நிழலைக் காணாமல் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாளாம். தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. "நாளைக்கும் உண்டா?" என்றாள். நாளை ஓர் இழை நிழல் மிஞ்சும், மற்றபடி உண்டு என்றேன். போர்டில் ஓவிய வகுப்பு அழிந்து, என் வகுப்பு 12.23 என்று ஏறியிருக்கிறது. புனேக்காரர்களிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. அக்கா நாளைச் சாப்பாட்டைப் பன்னிரண்டே முக்காலுக்கு மாற்றியிருக்கிறாள், கிரகணம் விட்ட பிறகு என்று. அதற்காகவாவது நான் இங்கே இருக்க வேண்டும்.