பேனாவைத் தொட்ட கை

சிரித்துக்கொண்டே விசாரிக்கிறவர்களை நம்பவே கூடாது. எல்லையோர அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவனுக்கு முதலில் வரும் புத்தி இதுதான். வாளையார் சோதனைச் சாவடியைத் தாண்டிப் போகும் லாரிகளைவிட எங்கள் அலுவலகத்தில் ஓடிய விஜிலன்ஸ் கதைகள் அதிகம். லஞ்சம் பிடிக்க மாறுவேடத்தில் வருவார்களாம். பொடி தடவிய நோட்டை நீட்டுவார்களாம். வாங்கிய கையில் தண்ணீர் பட்டால் சிவந்துவிடுமாம். (நான் டீயைக்கூட என் காசில் குடிப்பவன். ஆனாலும் பயம் பயம்தானே!)

அப்போது நான் புதுக் குமாஸ்தா. வேலை நிரந்தரமாவதற்கு, பாதி செல்போனிலும் பாதி பாலக்காட்டு வகுப்பிலுமாக நடந்த பயிற்சியை முடித்தாக வேண்டும். முடித்தும் விட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், மனைவி ரேவதி தலையில் அடித்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு பாடம் விடாமல் பார்த்தேன்.

ஒரு நாள் ஒரு அம்மா வந்து என் எதிரே உட்கார்ந்தார். அந்தப் பயிற்சியால் பலன் உண்டா என்று மதிப்பிட வந்திருப்பதாகச் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். போச்சுடா!

தலைமைக் குமாஸ்தா துரைசாமி அண்ணன் என் காதருகே குனிந்து, "தம்பி, எது கேட்டாலும் இல்லைன்னு சொல்லிப்போடு" என்றார்.

"போன்ல பாடமெல்லாம் பாத்தீங்களா?" என்று ஆரம்பித்தார் அந்த அம்மா.

"நான் எதையும் பாக்கலைங்க."

"வகுப்புல என்ன கத்துக்கிட்டீங்க?"

"எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க."

"அப்ப அங்க என்னதானுங்க குடுத்தாங்க?"

"யாரும் எனக்கு எதுவும் குடுக்கலைங்க! நானும் கை நீட்டலைங்க!"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "சரி, இதையாச்சும் வெச்சுக்குங்க" என்று ஒரு பேனாவை நீட்டினார். பழக்க தோஷம், வாங்கிவிட்டேன். வாங்கியதும்தான் அந்தப் பொடி ஞாபகம் வந்தது. பேனாவைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் மேலே தூக்கியபடி நின்றேன்.

"ஏனுங்க, கையில ஏதாச்சும் குத்திருச்சுங்களா?" என்று பதறிய அந்த அம்மா, தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்தார். பின்வாசல் வழியாக நான் பிடித்த ஓட்டம் வீட்டில்தான் நின்றது.

சில வாரங்களில் உத்தரவு வந்தது. எனக்குப் பயிற்சியால் எந்தப் பலனும் கிட்டவில்லையாம். முதலிலிருந்து படிக்க வேண்டுமாம். அதுவரை வேலை நிரந்தரம் கிடையாதாம். அந்த அம்மா நிஜமாகவே மதிப்பிடத்தான் வந்திருக்கிறார்! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இல்லைன்னுதானே சொல்லச் சொன்னேன்? ஓடவா சொன்னேன்?" என்று துரைசாமி அண்ணன் கழன்றுகொண்டார்.

எல்லாப் பாடத்தையும் மறுபடி படித்து, ஒருவழியாக வேலை நிரந்தரமானது. ஆனால் வீட்டில் இன்றைக்கும் ரேவதி ஒரு கையில் காப்பியை நீட்டினால், மறு கையில் தண்ணீர்ச் சொம்பு இருக்கும். போன வாரம் எங்கள் மகள் பள்ளியில் பரிசாக வாங்கிய பேனாவை என்னிடம் நீட்டி, "பயப்படாதீங்கப்பா, பொடி இல்லை" என்று சிரித்தாள்.

சிரித்தாளே, அதுதான் உதைத்தது. முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன்.