சிடுசிடு டாட் காம் வேண்டாம் என்பது பற்றி

திண்டிவனம்

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அர்ஹந்த் அவர்களுக்கு, மாமனார் ஸ்ரீசந்திரன் ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், உங்கள் மாமியார், மரச்செக்கு ஆகிய மூவரும் நலம். சென்னையில் நீங்களும் அனுஷாவும் பேத்தி ஸ்ரீநிதியும் நலமாக இருப்பீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். கைப்பேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் பேசுவது சண்டை போடுவது போலக் கேட்கிறதாம். இது உங்கள் மாமியாரின் கருத்து. காகிதத்தில் எழுதினால் சத்தம் வராது.

விஷயம் நம் எண்ணெய்க் கடைக்கு இணையதளப் பெயர் வைப்பது பற்றி. பெயர் சுருக்கமாக இருக்க வேண்டும், ஒரு முறை சொன்னால் மனத்தில் நிற்க வேண்டும், தேடினால் முதலில் வர வேண்டும் என்றெல்லாம் போன மாதம் அன்போடு விளக்கினீர்கள். கடைசியில், "ஊர்ல எப்படிக் கூப்பிடறாங்களோ அதையே வெச்சிடுங்க மாமா" என்றீர்கள். அப்படியே ஆகட்டும் என்று நானும் வாக்குக் கொடுத்தேன். அப்போது பின்னாலிருந்து அனுஷா ஏன் சிரித்தாள் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

நீங்கள் சொன்னபடி விழுப்புரம் போய், இணையதளம் அமைத்துத் தரும் கோகுலகிருஷ்ணன் என்ற இளைஞரைப் பார்த்தேன். 'ஸ்ரீ தர்மநாதர் அருள்பெற்ற ஸ்ரீசந்திரன் பரிசுத்த மரச்செக்கு எண்ணெய் நிலையம் திண்டிவனம்' என்று நான் யோசித்து வைத்திருந்த பெயரைக் கொடுத்தேன். ஆங்கில எழுத்தில் அறுபத்துமூன்றுக்கு மேல் போகக் கூடாதாம். நம் சமண சமயத்தில் மகாபுருஷர்கள் அறுபத்துமூவர், சைவர்களுக்கு நாயன்மார்கள் அறுபத்துமூவர். இணையத்தை வகுத்தவர்கள் இரு தரப்பையும் கலந்துகொண்டுதான் முடிவு செய்திருக்கிறார்கள் என்று எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. 'பரிசுத்த' என்பதையும் 'நிலையம்' என்பதையும் தியாகம் செய்யச் சம்மதித்தேன். தம்பி அப்போதும் தலையைச் சொறிந்தார். "சார், இத டைப் பண்ணி முடிக்கறதுக்குள்ள அவங்க பக்கத்துக் கடையில எண்ணெ வாங்கி, வடையும் சுட்டுடுவாங்க" என்றார்.

சரி, ஜனங்கள் என்ன சொல்லித் தேடுகிறார்கள் என்று பார்ப்போம் என்றார். என் பெயரைத் தட்டினார். ஒரு பல் மருத்துவரும், எங்கோ ஒரு சிமெண்ட் கடையும் வந்தார்கள். அதற்குப் பிறகு, "தப்பா எடுத்துக்காதீங்க சார்" என்று சொல்லிவிட்டு, 'சிடுசிடு கடை' என்று தட்டினார். மாப்பிள்ளை, நம் கடை வந்தது. வாசல், செக்கு, நான். யாரையோ நோக்கி விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். கீழே வாடிக்கையாளர் கருத்துகள். 'எண்ணெய்க்கு நாலு நட்சத்திரம், திட்டுக்கு ஒண்ணு, ஆக மொத்தம் அஞ்சு' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இன்னொருவர், 'பாண்டிச்சேரியிலிருந்து மாமியாரை அழைத்துச் சென்று திட்டு வாங்க வைத்தேன். பரம திருப்தி' என்கிறார்.

ஒருவேளை இது வேலையில்லாத நாலு பேரின் விஷமமாக இருக்கலாம் என்று எண்ணி, திரும்பும் வழியில் கூட்டேரிப்பட்டில் இறங்கினேன். இளநீர் விற்கும் அம்மாளிடம் (பெயர் லூர்துமேரி என்று பிற்பாடு தெரிந்தது), அயலூர்க்காரன் போல, "திண்டிவனத்துல ஸ்ரீசந்திரன் எண்ணெய்க் கடை எங்கம்மா?" என்று விசாரித்தேன்.

"அந்தப் பேருல ஒண்ணும் இல்லீங்களே."

"மரச்செக்கு. மல்லாட்டை எண்ணெ, கடலெண்ணெ."

"அட, சிடுசிடு கடைய சொல்றீங்களா? பஸ் ஸ்டாண்டுல எறங்கி சின்னப் புள்ளைய கேட்டாகூட காட்டும். எண்ணெ சுத்தம்ங்க. ஆளுதான் பேஜாரு. கேன நீட்டிக்கினு கம்முனு நின்னீங்கன்னா ஜல்தியா ஊத்திக் குடுத்துருவாரு. நல்லா இருக்குமான்னு மட்டும் கேட்டுறாதீங்க."

"கேட்டா?"

அந்த அம்மாள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றி, விரலை நீட்டி, "நல்லா இல்லாதத விக்கத்தான் இங்க உக்காந்துக்கினு இருக்கனா?" என்றார். குரல் அப்படியே என் குரல். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க அவருக்கு அண்ணனுங்களா?" என்றார். எனக்கு அண்ணன் கிடையாது என்று பதில் சொன்னேன். சாதாரணமாகத்தான் சொன்னேன். "ஓ, அப்போ அவரேதான்" என்று சொல்லி, மறுபேச்சில்லாமல் இளநீரைச் சீவ ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து உங்கள் மாமியாரிடம் சொன்னேன். "இதுகூடத் தெரியாமயா இருந்தீங்க? காய்கறிக் கடையில என்னையே சிடுசிடு வூட்டம்மான்னுதான் சொல்றாங்க" என்றாள். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்றேன். "சொன்னா சிடுசிடுன்னு விழுவீங்க" என்றாள். இதற்கு என்ன பதில் சொல்வது? சொன்னேன். சொன்னதும், "பாத்தீங்களா?" என்றாள்.

மாப்பிள்ளை, நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். நாம் பொழுது சாய்வதற்குள் சாப்பிடுகிற வம்சம். கதவைப் பாதி இறக்கிய பிறகு ஒருவன் கேனைக் கொண்டுவந்து, "ஒரு நிமிஷம் நயினார்" என்றால், சூரியன் என்ன எனக்குப் பங்காளியா, காத்துக்கினு நிக்க? அதைத்தான் கேட்கிறேன். அது கோபம் அல்ல, பசி. எறும்புக்குக்கூட வழிவிட்டு நடக்கிற என்னை, எண்ணெயில் விரலை விட்டு நக்கிப் பார்க்கிற ஜனங்கள் இப்படிப் பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள் என்றால், அவனுங்க நாக்க மொதல்ல... மன்னிக்கவும். காகிதத்திலும் வருகிறது.

ஆகவே என் வாக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஊர் என்று நான் சொன்னது என்னை மதிக்கிற ஊரை. அப்படி ஓர் ஊர் இருந்தால் விலாசம் தெரிவிக்கவும். நாளைக்கு ஸ்ரீநிதி பள்ளிக்கூடத்தில் தாத்தா கடையைத் தேடிக் காட்டும்போது அதில் என் பெயர் இருக்க வேண்டும், என் குணம் இருக்கக் கூடாது. அந்தத் தேடுபொறிக் கம்பெனிக்கு நல்ல ஆங்கிலத்தில் எழுதி அந்த வார்த்தையை நீக்கச் சொல்லுங்கள். நம் தளத்துக்கு நான் சொன்ன நீளப் பெயரையே பதிவு செய்யுங்கள். பத்துப் பேர் பார்த்தாலும் போதும், பத்துப் பேரும் மரியாதையாகப் பார்க்கட்டும்.

சம்பந்தி இருவருக்கும் எங்கள் வணக்கம். ஸ்ரீநிதிக்கு ஆசிகள். அனுஷாவுக்கும் ஆசிகள், அன்று சிரித்ததற்கானதைக் கழித்துக்கொண்டு. எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும், வாடிக்கையாளர்கள் உட்பட.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
ஸ்ரீசந்திரன்

பின்குறிப்பு: இதை உறையில் இடும் நேரத்தில் விழுப்புரம் எண்ணெய் வியாபாரி துரைக்கண்ணு கடைக்கு வந்தான். எப்போதும் சிரிக்கிறவன், சாவு வீட்டிலும் அவனைச் சிரமப்பட்டுத்தான் அடக்குவார்கள். "நயினார், இணையத்துல சிடுசிடுன்னு ஒரு பேரு காலியா இருக்குதுன்னு கோகுலகிருஷ்ணன் சொன்னாரு. உங்களுக்கு வேணாம்னா நான் வாங்கிக்கறேன்" என்றான். உனக்கு யாரையாவது திட்டத் தெரியுமாடா என்று கேட்டேன். "அதுக்கு ஒரு ஆளு போட்டுக்கறேங்க" என்கிறான். முப்பது வருஷமாக வெயில் மழை பாராமல், ஆள் வைத்துக்கொள்ளாமல், ஒவ்வொருத்தனையும் நானே என் வாயால் திட்டிச் சம்பாதித்த பெயர் மாப்பிள்ளை இது. மேலே எழுதியதை எழுதாததாகப் பாவிக்கவும். டாட் காம், டாட் இன் இரண்டையும் இன்றே வாங்கவும். தபால் தாமதமாகும் என்பதால் உங்கள் மாமியார் இதைப் படம் பிடித்து அனுப்புகிறாள். நிச்சயமாகத்தான் சொல்கிறீர்களா மாமா என்று போன் செய்து கேட்க வேண்டாம். கேட்டால் நான் என்ன சொல்வேன் என்பதைக் கூட்டேரிப்பட்டில் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம்.