எட்டடி பெஞ்சும் இரண்டே கால்களும்

அடுக்குமாடிகளின் தலையெழுத்தை எழுதுபவளும், உத்தரங்களை ஒரே முறைப்பில் நிமிர வைப்பவளும், என் அக்காவின் ஒரே மகளுமான என்ஜினீயர் மருமகளுக்கு மாமன் எழுதுவது. இங்கே என் முதுகைத் தவிர அனைவரும் நலம்.

கூடத்துக்கு நான் செய்த எட்டடி பெஞ்சு உலக அதிசயங்களில் சேர வேண்டியது. கால்களை இரண்டு ஓரத்திலும் வைத்தேன். உன் அத்தையின் அண்ணன் நடுவில் உட்கார்ந்தார். பலகை தூளியாகத் தொய்ந்து, மனிதரின் முழங்கால் காதைத் தொட்டது. உடனே உனக்குப் போன் போட்டேன். "காலைக் கொஞ்சம் உள்ள தள்ளுங்க மாமா, நீளத்துல அஞ்சுல ஒரு பங்கு. நடுவுல வளையறது குறையும்" என்றாய். கொஞ்சம் தள்ளினாலே இவ்வளவு நல்லதென்றால் முழுக்கத் தள்ளினால் எவ்வளவு நல்லது! தள்ளினேன். கால்கள் இரண்டும் நடுவில் ஒரு சாண் இடைவெளியில் புதுமணத் தம்பதிபோல் நின்றன. மச்சான் இந்த முறை உஷாராக ஓரத்தில் உட்கார, மறு ஓரத்தில் இருந்த எதிர்வீட்டுத் தையற்காரர் விண்ணேறினார். "சார், உங்க பரண்ல மூணு வருஷத்துத் தூசி இருக்கு" என்று அங்கிருந்து செய்தி வேறு. "அண்ணே, எந்திரிச்சுடாதே, அவர் விழுந்துடுவார்!" என்று அத்தை அலற, மச்சான் அரை மணி நேரம் அசையவில்லை. ஏணி வைத்து இறக்கினோம்.

அதன்பின் உன் அத்தை சபதம் போட்டாள்: "இனிமே இந்தப் பெஞ்சால ஒரு வம்பு வந்தாலும், உங்க டிரில் மிஷினை மொதல்ல கேக்கறவங்களுக்குத் தூக்கிக் குடுத்துடுவேன்." என் உயிரைக் கேட்டிருந்தால்கூட யோசித்திருப்பேன், அம்மா. டிரில் மிஷினையா?

நீ மறுபடி விளக்கினாயே, ஓரத்தில் பாரம் வந்தால் பக்கத்துக் கால் அந்தப் பாரத்துக்கும் மேலேயே தாங்கும், தூரத்துக் கால் தரையை விட்டுக் கிளம்பப் பார்க்கும் என்று, அதை மனப்பாடம் செய்தேன். அளந்து, சரியாக ஐந்தில் ஒரு பங்கில் கால்களைப் பூட்டினேன். அது மட்டுமா? எந்தக் காலும் கிளம்பக் கூடாதென்று ஆளுக்கொரு முழ நீளமுள்ள நான்கு போல்ட்டுகளால் தரையோடு முடுக்கிவிட்டேன். இனி யானைக் குடும்பம் வந்து ஓரத்தில் அமர்ந்தாலும் அசையாது. வம்பு தீர்ந்தது, மிஷின் பிழைத்தது. நீ போடும் உத்தரமெல்லாம் நிமிர்ந்து நிற்க, உன் மேலதிகாரி மட்டும் உன் முன் வளைந்து நிற்க, மாமனின் மனமார்ந்த ஆசி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கீழ்வீட்டுப் பல் டாக்டர் மேலே வந்துவிட்டார். வாயைத் திறந்து படுத்திருந்த நோயாளிக்கு நேர் மேலே, கூரையிலிருந்து நான்கு போல்ட் முளைத்ததாம். கோபமே இல்லை, தங்கமான மனிதர். அத்தையிடம், "அதை எடுக்கணும்மா, உங்க வீட்டு டிரில் மிஷின் கொஞ்சம் கிடைக்குமா?" என்கிறார். உன் அத்தை சிரித்துக்கொண்டே அலமாரியைத் திறக்கிறாள்.