நடுப்பாலத்தில் நின்ற டிரைவிங் ஸ்கூல்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் காரும் நலம். நலம் என்பது ஒரு பேச்சுக்கு. எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறிக்கிடக்கிறது, உங்கள் அத்தை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, காரின் பின் பம்பர் கயிற்றில் தொங்குகிறது. மூன்றுக்கும் காரணம் நீங்கள்தான். அங்கே என் பேத்தி மிளகும் என் மகளும் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். விருப்பத்தில் மீதி இடம் இருந்தால் அது உங்களுக்கு.

‘நீ, உன்’ என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். அப்படி எழுதினால் என் மகள் முகம் வாடும் என்பதால் ‘நீங்கள்’ போடுகிறேன். ஒவ்வொரு ‘நீங்கள்’ போடும்போதும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன் என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

போன மாதம் இங்கே சாப்பிட வந்தீர்கள். வந்தவர் சாப்பிட்டோமா, கை கழுவினோமா, கிளம்பினோமா என்று இருந்திருக்கலாம். ஊருக்கெல்லாம் கணக்குப் பார்க்கும் ஆடிட்டர் மாப்பிள்ளை மாமனார் வீட்டில் சும்மா இருந்தால் தூக்கம் வராது போலிருக்கிறது. “மாமா, நீங்க நடத்துற பாடம் எங்க நடக்குது?” என்று கேட்டீர்கள். “காருக்குள்ளதான், வேற எங்க?” என்றேன். அதற்கு நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை இன்னும் நான் மறக்கவில்லை. “கார் எங்க இருக்குங்கிறதுதான் மாமா கேள்வியே. ஜிஎஸ்டில சேவை எந்த இடத்துல நடந்ததுன்னு பார்க்கணும்” என்றீர்கள். என் ஆபீஸ் இங்கே, போர்டு இங்கே, கார் நிற்கும் ஷெட் இங்கே, அப்புறம் பாடம் மட்டும் எங்கே போகும் என்று கேட்டேன். “உங்க ஆபீஸ் எங்கங்கிறது ஒரு கேள்வி மாமா. சேவை எங்கங்கிறது வேற கேள்வி. ஏதாவது ஜிஎஸ்டி பதிவு இருக்கிற கம்பெனி தன்னோட டிரைவரை உங்ககிட்ட படிக்க அனுப்பினா, அந்தக் கம்பெனி எங்க இருக்கோ அதுதான் இடம். தனி ஆளா வந்து படிச்சா, பாடம் நிஜமா எங்க நடக்குதோ அதுதான் இடம். நீங்க பாலத்தைத் தாண்டிப் போய் நடத்துறீங்க. அந்தப் பக்கம் வேற மாநிலம்” என்று ஆரம்பித்தீர்கள். அதற்கு மேல் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. எழுந்து கை கழுவப் போய்விட்டேன். தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே கிடந்தது.

நான் ஏன் பாலத்தைத் தாண்டுகிறேன் என்று உங்களுக்குத் தெரியாதா? இந்தக் கரையில் சமதளமாக ஒரு முழம் மண் கிடையாது. எந்தத் தெருவில் நிறுத்தினாலும் கார் ஒன்று ஏறும், இல்லை இறங்கும். அந்தக் கரையில், நீங்கள் குடியிருக்கும் மாடிக் கட்டடத்துக்குப் பின்னால், பழைய கிடங்கை இடித்துப் போட்ட காலி இடம் மேசை மாதிரி கிடக்கிறது. ஸ்கூல் ஆரம்பித்த நாளிலிருந்து கிளட்ச், கியர், பிரேக் எல்லாம் இங்கே. ரிவர்ஸ் மட்டும் அங்கே. அதுதான் என் தொழில் முறை. அந்த இடத்துக்கு நேர் மேலே உங்கள் வீட்டு பால்கனி இருக்கிறது என்பது கடவுள் எனக்குச் செய்த உபகாரம். நான் இரண்டு தடவை ஹார்ன் அடித்தால் மிளகு ஓடி வருவாள். சிவப்புத் துண்டைக் காட்டினால் கார் நிற்க வேண்டும், பச்சைத் துண்டைக் காட்டினால் போக வேண்டும். அவள் காட்டும் சிக்னலுக்குத்தான் அவள் துண்டைப் பிடிக்கக் கற்ற நாளிலிருந்து என்னிடம் படித்த அத்தனை பேரும் ரிவர்ஸ் எடுத்திருக்கிறார்கள். பாடம் முடிந்ததும் நான் கீழேயே நின்று அவளோடு நாலு வார்த்தை கத்திப் பேசிவிட்டு வருவேன். ஒரு நாளைக்கு எனக்குக் கிடைக்கிற சந்தோஷம் மொத்தமும் அதுதான். அதில்தான் நீங்கள் கை வைத்தீர்கள்.

மறுநாளிலிருந்து நான் பாலம் ஏறவில்லை. வரி ஏய்த்தான் என்று ஒரு நாய் என்னைப் பார்த்துக் குரைக்கக் கூடாது. ரிவர்ஸையும் இந்தக் கரையிலேயே சொல்லிக்கொடுப்பது என்று முடிவு செய்தேன். அப்போது என்னிடம் படித்துக்கொண்டிருந்தவர் நம் தெரு பல் டாக்டர் அம்மா. அவரிடம் போகிறவர்களையெல்லாம் ஆடாமல் உட்கார வைக்கிறவர், ஸ்டியரிங்கைப் பிடித்தால் தானே ஆடுகிறார். “பயப்படாதீங்கம்மா, வலிக்காது” என்று சொல்லிப் பார்த்தேன். “நாங்களும் அப்படித்தான் சொல்வோம்” என்றார். சலூன் வாசலில் ஏற்றத்தில் நிறுத்தி, ரிவர்ஸ் போட்டு, மெதுவாகப் பிரேக்கிலிருந்து காலை எடுங்கள் என்றேன். எடுத்தார். கார் மட்டும் மெதுவாகப் போகவில்லை. சலூன்காரர் வெளியே வைத்திருந்த சுழலும் விளக்கைச் சாய்த்து, பெஞ்சை நகர்த்தி, கண்ணாடிக் கதவை முட்டிக்கொண்டு நின்றது. உள்ளே நாற்காலியில் இருந்த மனிதர் பாதித் தலை வெட்டியும் பாதித் தலை வெட்டாமலும் வெள்ளைத் துணியோடு தெருவுக்கு ஓடி வந்துவிட்டார். சலூன்காரர் கத்தரிக்கோலோடு பின்னாலேயே வந்து, “உள்ள வாங்க சார், மீதியை நடுரோட்டுலயா வெட்ட முடியும்?” என்று கெஞ்சுகிறார். முடி வெட்டும் சேவை எங்கே நடந்தது என்று அவரிடம் கேட்க உங்களுக்குத் தைரியம் உண்டா? எனக்கு இல்லை. நான் பம்பரைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். தெருவே சிரித்தது.

அதற்கு அப்புறம் ஒரு யோசனை சொன்னது பல் டாக்டர் அம்மாதான். படித்தவர்கள் யோசனை சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் பயம், ஆனாலும் கேட்டேன். “பாடம் நடக்குற இடம்தானே பிரச்சனை? பாலத்துல பாதி வரைக்கும் நான் ஓட்டுறேன். அங்க இடம் மாத்திக்கலாம். அதுக்கப்புறம் நீங்க ஓட்டுங்க, நான் சும்மா உட்கார்ந்து வர்றேன். அந்தப் பக்கம் பாடமே நடக்காது. நீங்க பேத்தியைப் பார்த்துட்டு வந்துடலாம்” என்றார். நல்ல மனுஷி. சலூன் கதவை முட்டியவர் என்பதையே மறந்துவிட்டேன். நடுப்பாலத்தில் இரும்புப் பட்டை போட்டு இணைத்திருக்கிறார்களே, அதுதான் எல்லை. அங்கே வண்டியை நிறுத்தி, இரண்டு பேரும் இறங்கி, காரை முன் பக்கமாகச் சுற்றி நான் வர, அவரும் முன் பக்கமாகவே சுற்றி வர, இருவரும் நேருக்கு நேர் நின்று, “நீங்க போங்க”, “இல்ல நீங்க போங்க” என்று மரியாதை பார்த்துக்கொண்டிருந்ததில் பாலம் முழுக்க வண்டிகள் சேர்ந்துவிட்டன. பின்னால் இருந்த பஸ்காரர் ஹார்னில் கையை வைத்தவர் எடுக்கவில்லை. டாக்டர் அம்மா ஒருவழியாக ஒரு காலைக் காருக்குள் வைத்தபோது போக்குவரத்துப் போலீஸ்காரர் ஓடி வந்தார்.

“என்ன சார், பிரேக் டவுனா?”

“இல்லைங்க, வரி.”

அவர் என் வாய்க்கு அருகில் மூக்கைக் கொண்டுவந்து மோந்து பார்த்தார், மாப்பிள்ளை. இத்தனை வருடம் ஸ்டியரிங் பிடித்த என்னை, நான் ஓட்டக் கற்றுக்கொடுத்த பாதி ஊர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஊதச் சொன்னார். ஊதினேன். ஒன்றும் வரவில்லை என்றதும் அவருக்கே கொஞ்சம் ஏமாற்றம். வண்டியைத் திருப்பிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். அந்தக் கரையில் சக்கரம் படவே இல்லை.

அந்த ஆத்திரத்தோடுதான் உங்களுக்குப் போன் செய்தேன். மனிதன் அவமானப்பட்டு நிற்கிறானே, ஒரு ஆறுதல் வார்த்தை சொல்வோம் என்று உங்களுக்குத் தோன்றவில்லை. “மாமா, அந்தம்மா ஓட்டலைன்னா அவங்க பயணி ஆயிடறாங்க. நீங்க காசு வாங்கிட்டுக் கூட்டிட்டுப் போனா அது பயணிகள் போக்குவரத்து. அதுக்கு, பயணி எந்த இடத்துல ஏறுறாங்களோ அதுதான் சேவை நடந்த இடம்” என்றீர்கள். எங்கே ஏறினார்? நடுப்பாலத்தில் ஏறினார். முன் சக்கரம் இரும்புப் பட்டைக்கு அந்தப் பக்கம், பின் சக்கரம் இந்தப் பக்கம். ஒரு காலை உள்ளே வைத்தபோதுதான் போலீஸ்காரர் வந்தார். அந்தக் கால் எந்த மாநிலம், வெளியே இருந்த கால் எந்த மாநிலம் என்று கேட்டேன். “ஐயோ மாமா, நீங்க எதுக்கு நடுப்பாலத்துல...” என்று என்னவோ சொல்ல வந்தீர்கள். போனை வைத்துவிட்டேன். வைத்தேன் என்பதுகூட மரியாதைக்காக எழுதுவது. எறிந்தேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது யார்? நான். எங்கே? அதே காலி இடத்தில். அப்போது பின் சீட்டில் நம் ஸ்கூல் ஆபீஸைப் பூட்டிய சாவியோடு உட்கார்ந்திருந்தது யார்? என் மகள். ரிவர்ஸ் எடுக்கும்போது முழுக்கத் திரும்பிப் பின்னால் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்ததை நீங்கள் எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இத்தனை ஒழுங்காகப் பின்னால் பார்க்கிற பையனை நான் பார்த்ததே இல்லை என்று வீட்டில் வந்து பாராட்டி வேறு பேசினேன். அன்றைக்கு எந்த மாநிலத்துச் சட்டமும் உங்களுக்குக் குறுக்கே வரவில்லை. இன்றைக்கு நான் பேத்தியைப் பார்க்கப் போனால் மட்டும் ஆற்றுக்கு நடுவே கோடு தெரிகிறதோ?

நேற்று மிளகு போனில் வந்தாள். “தாத்தா, கார் செத்துப்போச்சா?” என்று கேட்டாள். இல்லை கண்ணு என்றேன். “அப்ப நீ செத்துப்போயிட்டியா?” என்றாள். பக்கத்தில் என் மகள் அவள் வாயைப் பொத்துகிற சத்தம் கேட்டது. போனை உங்கள் அத்தையிடம் கொடுத்துவிட்டு ஷெட்டில் போய்க் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

ஆகவே நான் சொல்லவருவது இதுதான். இனி என் வாழ்நாளில் அந்தப் பாலத்தை மிதிக்க மாட்டேன். காரை விற்கப் போகிறேன். ஸ்கூல் போர்டைக் கழற்றப் போகிறேன். நீங்கள் இனி இங்கே வந்தால் வாசல் திறந்திருக்கும், சாப்பாடு இருக்கும், என் வாய் மட்டும் திறக்காது. மிளகை மட்டும் உங்கள் அத்தை கூட்டிக்கொண்டு வரட்டும். தாத்தா பேத்தியைக் கொஞ்சுவது எந்த இடத்தில் நடந்தது என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

உங்கள் கணக்குகள் எல்லாம் கடைசிக் காசு வரை நேராகட்டும். உங்கள் கண்ணுக்குக் கண்ணாடி போடாமலே எழுத்துகள் தெரியட்டும். என் மகளைக் கண் கலங்காமல் வைத்துக்கொள்ளுங்கள். மிளகுக்கு ஆயிரம் முத்தம். உங்கள் அத்தை அன்பைச் சொல்லச் சொன்னாள். அது அவளுடையது, என்னுடையது என்று நினைத்து ஏமாற வேண்டாம்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத
மாமா

பின்குறிப்பு: கவரை ஒட்டக் கொடுத்தபோது உங்கள் அத்தை நின்றபடியே இதை முழுக்கப் படித்துவிட்டாள். படித்துவிட்டு, “பாலத்தைத் தாண்டாதீங்கன்னு மாப்பிள்ளை எப்போ சொன்னார்?” என்று கேட்டாள். அன்றைக்குத்தானே, சாப்பிடும்போது, என்றேன். “அந்தப் பக்கம் நடத்துற பாடத்துக்குப் பில் போடும்போது அந்த மாநிலத்தை எழுதிடுங்க, மீதியை நான் பார்த்துக்கிறேன், நீங்க எப்பவும் போல வாங்கன்னு சொன்னார். நீங்கதான் பாதியில எழுந்து போயிட்டீங்களே” என்றாள். இதை ஏன் இத்தனை நாள் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். “மாப்பிள்ளை பேச்சையே எடுக்காதேன்னு சொன்னீங்க, எடுக்கல. கார் ரிப்பேர்ன்னுதான் என்கிட்ட சொன்னீங்க. பம்பரைப் பார்த்தேன், நம்பிட்டேன்” என்றாள். உடனே மகளுக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். அந்தக் கரைக்கென்று நீங்கள் தனியாக ஒரு பில் புத்தகமே அச்சடித்து, நான் வந்தால் கொடுக்கச் சொல்லி அலமாரியில் வைத்திருப்பதாக மகள் சொன்னாள். தெருவில் எவன் ஹார்ன் அடித்தாலும் மிளகு இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடுகிறாளாம், எதைக் காட்டுவது என்று தெரியாமல் இரண்டையும் காட்டுகிறாளாம்.

திரும்பிப் பார்க்காமல் ரிவர்ஸ் எடுக்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவன் நான். அதற்கு மேல் எழுத என்னால் ஆகாது. கோபமாக எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, கை வலிக்க எழுதியது. தபாலில் போட்டால் தாமதமாகும், நாளைக் காலை நானே கொண்டுவருகிறேன். கடிதத்தைப் படிக்கும்போது நீங்கள் மாடியிலேயே இருங்கள், நான் கீழே இருப்பேன். மாநிலத்தின் பெயரை அந்தப் புத்தகத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அப்புறமாக நிதானமாகச் சொல்லிக்கொடுங்கள், முழுக்கக் கேட்கிறேன். மிளகிடம் பச்சைத் துண்டை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.