ஹிமிசு வாலளந்த படலம்

வாழ்க மொகாமி! மேகந்தவழ் மலைவிடுதியின் சோற்றுப்பானைக்கு அதிபதியும், மிசோ ரசத்தின் தனிப்பெருங்காவலனும், அன்றைய குளியல்தொட்டி அடுப்புக்கு விறகிடும் முறைகாரனுமாகிய அம்மாவீரன் புகழ் ஓங்குக! மழைநீரை நம்பிய அவ்விடுதியில் வாரத்துக்கொரு முறையே தொட்டி நிறையும். அந்த ஒரே நீரில் பணியாளர் ஒருவர்பின் ஒருவராய் இறங்குவர். ஆதலின் முதற்குளியலே அங்கு மணிமுடி. கடைசிக் குளியல் வனவாசம்.

அப்போதுதான் தீமூட்டி நிமிர்ந்த மொகாமி, நரி கொன்று நாற்றம் பொறாது எறிந்துபோன, உள்ளங்கையில் அடங்கும் கரும்பட்டு மேனி அகழெலியொன்று பாதையில் கிடக்கக் கண்டான். அடிவாரம் ஆளும் ஹிமிசுவோ? முகடாளும், உருச்சிறுத்து வால்நீண்ட ஹிமே-ஹிமிசுவோ? இருகுலமும் எல்லைமுட்டும் உயரத்திலன்றோ விடுதி நின்றது!

“ஹிமேதான்! வாலப் பாரு!” என்று சங்கென முழங்கினான்.

அரிசியும் எண்ணெயும் முதுகில் சுமந்து மலையேறும் தோமோயே, சுமையிறக்கிக் களிறுபோற் குனிந்தாள்.

“கிழிச்ச! இது ஹிமிசுக் குட்டி, மொகாமி சான்.”

“பந்தயமா? தோத்தவங்களுக்குக் கடைசிக் குளியல்!”

“உடம்புல பாதிக்கு மேல வால் இருந்தா ஹிமே; நீயே மொதல்ல குளி. இல்லன்னா நான். வாரம் பூரா வேர்வைல ஊறியிருக்கேன், விட்டுக் குடுக்க மாட்டேன்.”

உறையினின்று வாளுருவுவான்போல் இடுப்பினின்று சமையற்குச்சியை உருவிய மொகாமி, மூக்குமுதல் வாலடிவரை அதனை வைத்து, அவ்வுடல்நீளத்தைக் குச்சிமேல் நகத்தாற் கீறிக் குறித்தான். பின் வாலை அளந்தான். பாதியைத் தாண்டியது! ‘சரியாகத்தான் அளந்தேனா?’ என்றெழுந்த ஐயத்தை, புறமுதுகிட்ட பகைவனை விரட்டுவதுபோல் நெஞ்சினின்று விரட்டி, தன் வெற்றியை எண்டிசைக்கும் அறிவித்தான்.

தோமோயே கட்டைவிரலை நாவில் நனைத்து வால்நுனியைத் தடவினாள். புடைத்துநின்ற மயிர்க்குஞ்சம், தோற்ற கோட்டையின் கொடியெனச் சாய்ந்தது. வால் பாதியினும் வெகுவாய்க் குறைந்தது.

“வால அளக்கச் சொன்னா முடியையும் சேர்த்தா அளப்ப? ஒன் தாடியோட சேர்த்து ஒன் ஒயரத்த அளப்பமா?”

நனைத்தளத்தல் போரறமன்று என வாதிட்டான் வீரன். வாலை ஊதி உலர்த்தினான், மீண்டும் அளந்தான், மயிரை விலக்கி அளந்தான், குச்சியின் மறுமுனையால் அளந்தான். மூடுபனி இறங்கிற்று, விடுதியில் விளக்கேறிற்று, வால் மட்டும் நீளவில்லை. ஈற்றில் குச்சியை அவள் காலடியில் வைத்துத் தலைகவிழ்ந்தான்.

வென்ற தோமோயே, சிறுதுண்டை வெண்கொற்றக்குடையெனத் தலைமேற் போர்த்து, ஏழுலகும் வழிவிட நடந்து, தொட்டியின் மரமூடியை நீக்கி, வெற்றித்திருவடியை உள்ளே வைத்தாள்.

விறகு போட ஆளில்லாமல் அடுப்பு அணைந்து, தண்ணீர் சில்லென்று இருந்தது.