பீரோவுக்கு வந்த சுருக்கம்

சாமராஜநகரில் பெயிண்ட் கடை நடத்தி, ஊராருக்கெல்லாம் யோசனை சொல்லிச் சுகமாக வாழும் மைத்துனன் பாலனுக்கு, மைசூரிலிருந்து உன் அக்கா புருஷன் முரளிதரன் எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் நலம், பீரோவைத் தவிர.

போனில் சொன்னால் நீ சிரிப்பாய், அதனால்தான் கடிதம். ஜீவிதாவுக்குச் சீராகக் கொடுக்கும் பீரோவைப் பார்க்கச் சம்பந்தியம்மா நாளை வருகிறார். புதிது வாங்குகிறேன் என்றேன். "அம்மாவோட பீரோதாம்ப்பா வேணும்" என்று நம் பெண் பிடிவாதம். சரியென்று, பெயிண்டுக்கு முன்னால் அடிக்க நீ கொடுத்த ஸ்பிரே பிரைமரை, நீ சொன்னபடியே குலுக்கு குலுக்கென்று குலுக்கி, பழைய பச்சைப் பெயிண்டின் மேலேயே அடித்தேன். கிட்ட நின்று அடித்தால் ஒழுகியது. தள்ளி நின்று அடித்தால் காற்றில் பறந்து பக்கத்து வீட்டு லிங்கப்பனின் வெள்ளை வேட்டியில் போய் உட்கார்ந்தது. பிறகு டப்பாவின் மூக்கு அடைத்துக்கொள்ள, ஊக்கால் குத்தினேன், மிச்சமெல்லாம் என் மீசையில். முகம் கழுவி வந்து பார்த்தால், ஐயோ பாலா, கதவு முழுக்கப் பெயிண்ட் பாலாடை போலச் சுருங்கி எழும்பி நிற்கிறது! அது போதாதென்று உன் அக்கா சொர்ணலதா, "கல்யாண பீரோ சாம்பக் கலர்ல மூளியா நிக்கலாமாங்க?" என்று ஈரத்திலேயே மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டாள். அது இனி ஜென்மத்துக்கும் போகாது. லிங்கப்பன் எட்டிப் பார்த்து, "ஏனு சார், பீரோவுக்கு அம்மை போட்டிருக்கா?" என்கிறார். ஜீவிதா அழுகையை அடக்கிக்கொண்டு, "பரவால்லப்பா" என்றாள் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சுரண்டுவதா, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதா, உடனே எழுதி, இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பஸ் கண்டக்டரிடமே கொடுத்தனுப்பு. சாமுண்டி சத்தியமாக, இனி ஸ்பிரே டப்பாவைத் தொடமாட்டேன்.

உனக்கும் மீனாவுக்கும் ஆசிகள். உன் வியாபாரம் பெருகட்டும், பிரைமர் மட்டும் விற்காமலே போகட்டும்.

இப்படிக்கு,
முரளிதரன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் சம்பந்தியம்மா இன்றே வந்து நின்றுவிட்டார். கதவைத் தடவிப் பார்த்தார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். "ஐயோ, எஷ்டு சென்னாகிதே! எவ்ளோ நல்லா இருக்கு! மேடும் பள்ளமுமா அடிக்கிற டெக்ஸ்சர் பெயிண்ட்தானே? நடுவுல பொட்டு டிசைன் வேற! யாருங்க பண்ணுனது?" என்றார். உன் அக்கா கூசாமல், "எல்லாம் இவருதானுங்க" என்றுவிட்டாள். அவர் வீட்டிலும் இரண்டு பீரோ இருக்கிறதாம், கல்யாணத்துக்குள் நானே இதே மாதிரி அடித்துத் தர வேண்டுமாம். ஆகவே சுருக்கத்தை எடுப்பது எப்படி என்று எழுதாதே, வரவழைப்பது எப்படி என்று எழுது. பிரைமர் ஆறு டப்பா அனுப்பு. அந்த பீரோக்கள் புத்தம் புதியவையாம் பாலா, சுருங்கி எழும்ப அடியில் பழைய பெயிண்டே கிடையாது. எவ்வளவு அடித்தும் வழவழவென்றே நின்றுவிட்டால் இந்தக் கல்யாணம் என்னாவது?